ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ரிவியூ: வயித்தால போறப்ப பார்மசில முதல்ல எத வாங்கணும்

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4.5. சிங்கப்பூர்ல கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி, தேக்கா பக்கம் இருக்குற சின்ன மருந்துக்கடைன்னு எங்க போனாலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ், அதாவது பேதியானா தண்ணில கலக்கிக் குடிக்கிற உப்பு, சக்கரை பவுடர் பாக்கெட்டப் பத்திதான் எழுதறேன், ஒரு கம்பெனியோடத மட்டும் சொல்லல. நான் துவாஸ் பக்கம் ஒரு சைட்டுல சேஃப்டி வேலை பாக்குறேன், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் என் பொறுப்பு. நம்ம ஊரு பசங்க, பங்களாதேஷ் பசங்கன்னு நிறைய பேரு வேலை செய்யிற இடம், யாருக்காவது வயிறு கலக்குச்சுன்னா நேரா என்கிட்டதான் வந்து நிப்பாங்க. வந்து நின்னு கேக்குறது என்னன்னா, "அண்ணே, நிக்கிறதுக்கு ஒரு மாத்திர குடுங்கண்ணே". எல்லாரும் நிக்கிற மாத்திரதான் கேக்குறாங்க, உடம்புல இருந்து போன தண்ணிய திருப்பி ஏத்தறதுக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டு வர்ற ஆளு அபூர்வம். பேதில ஆள சாய்க்கிறது அந்தத் தண்ணியும் உப்பும் போறதுதான், அதனால இத விளக்கமாவே எழுதிடறேன்.

ஒரு நாளைக்கு மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியாவோ இளக்கமாவோ போச்சுன்னா அது வயித்துப்போக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உலகம் முழுக்க 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க இன்னிக்கும் வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல இதுல சாகுதுங்க. இத்தனைக்கும் மருந்து இந்த உப்பு, சக்கரை பொடிதான்.

பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட இப்பத்த கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சாதா உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், மொத்தம் 20.5 கிராம், அவ்வளவுதான். ஆனா இந்த அளவுலதான் விஷயமே இருக்கு. நம்ம குடல் சுவத்துல சோடியத்தையும் குளுக்கோஸையும் சேத்துப் புடிச்சு உள்ள இழுக்குற ஒரு வழி இருக்கு, ரெண்டும் சேந்து உள்ள போறப்ப பின்னாடியே தண்ணியும் போகும். கிருமி வந்து குடல் தண்ணிய வெளிய தள்ளிக்கிட்டு இருக்குற நேரத்துலயும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யும், அதனாலதான் வெறும் தண்ணிய குடிச்சா அந்தப் பக்கம் போயிடுது, இதக் குடிச்சா உடம்புல தங்குது. சக்கரை அதிகமாப் போச்சுன்னா கதை தலைகீழ், குடலுக்குள்ள தண்ணிய அதுவே இழுத்து பேதிய கூட்டிடும்.

1971ல பங்களாதேஷ் போர் நேரத்துல எல்லை தாண்டி வந்த அகதிங்க முகாம்ல காலரா பரவுச்சு. மேற்கு வங்கத்துல போன்காவ்ங்கிற ஊருல டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் வேலை பாத்துட்டு இருந்தாரு, டிரிப்ஸ் பாட்டில் தீந்து போச்சு, குளுக்கோஸு, சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூணையும் அளந்து பொட்டலம் போட்டு தண்ணில கலக்கி அம்மா, அப்பா, சொந்தக்காரங்க கையிலயே குடுத்து குடிக்க வைக்கச் சொன்னாரு. நூத்துக்கு 30 பேரு செத்துக்கிட்டு இருந்த இடத்துல அது 3.6க்கு வந்துச்சு. எங்க சைட்டுல இருக்குற பங்களாதேஷ் தம்பிங்களுக்கு இந்தப் பொட்டலம் நல்லாவே பழக்கம், அவங்க ஊருல வீட்டுக்கு வீடு கலக்கத் தெரியும், நம்ம பசங்களதான் நான் கெஞ்ச வேண்டியிருக்கு.

இப்ப கலக்குற விஷயம், இதுலதான் நான் அதிகமா கண்ணு வைக்கிறேன். கடைல ரெண்டு மூணு சைஸ் இருக்கு. 200 மில்லிக்கு ஒரு பாக்கெட், 250 மில்லிக்கு ஒரு பாக்கெட், அப்புறம் ஊருல இருந்து வர்றவங்க கொண்டு வர்ற எலெக்ட்ரால் மாதிரி ஒரு லிட்டர் பாக்கெட். பாக்கெட்டு பின்னாடி எத்தன மில்லின்னு போட்டிருக்கோ அத்தன மில்லி, கூடவும் வேணாம் குறையவும் வேணாம். சைட்டுல ஒரு தம்பி ஒரு லிட்டர் பாக்கெட்ட கிழிச்சு 600 மில்லி மினரல் வாட்டர் பாட்டில்ல கொட்டி, மூடி போட்டு நல்லா குலுக்கி, அண்ணே ஸ்ட்ராங்கா போட்டுட்டேன்னு சந்தோஷமா காட்டுச்சு. அத அப்படியே குடிச்சா உப்பு ஏறிப்போய் இன்னும் தாகமாகி பேதியும் கூடும், குழந்தைக்குக் குடுத்தா ரொம்ப ஆபத்து. அத ஊத்திட்டு ஒரு லிட்டர் கோடு போட்ட ஜக்குல புதுசா கலக்கிக் குடுத்தேன். இன்னொரு பழக்கம், பாதி பாக்கெட்ட இப்ப, மீதிய சாயங்காலம்னு போடறது, அதுவும் வேணாம், உள்ள நாலு விதமான உப்பு சக்கரை இருக்கு, பாதியா பிரிச்சா எது எவ்வளவு விழுந்துச்சுன்னே தெரியாது. கலக்குனத 24 மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும், மிச்சம் இருந்தா ஊத்திடணும். சிங்கப்பூர்ல குழாத் தண்ணியே குடிக்கிற தண்ணிதான், ஊருக்குப் போனா கொதிக்க வச்சு ஆறுன தண்ணில கலக்கணும். கலக்குனதுக்கப்புறம் சுட வைக்கக் கூடாது, பாலு, ஜூஸு, சோடால கலக்கறதும் கூடாது.

டேஸ்ட் பத்தி நிறைய பேரு குறை சொல்றாங்க. பிளெயின் பாக்கெட் கண்ணீர் மாதிரி லேசா உப்பு கரிக்கும், ஆரஞ்சு பிளேவர் கொஞ்சம் பரவாயில்ல. ஃபிரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு குடிச்சா கஷ்டமே தெரியாது. மடக்கு மடக்குன்னு குடிச்சா வாந்தி வரும், வாய் வாயா குடிக்கணும். குழந்தைக்கு ஸ்பூன்ல, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், வாந்தி எடுத்தா ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடியும் இன்னும் மெதுவா. ஒவ்வொரு தடவ போனதுக்கப்புறமும் 2 வயசுக்குக் கீழன்னா 50லருந்து 100 மில்லி, 2லருந்து 10 வயசு வரைக்கும் 100லருந்து 200 மில்லி, பெரியவங்க தாகம் அடங்குற அளவுக்கு. தாய்ப்பால நிறுத்தவே கூடாது, இத நான் தடிச்ச எழுத்துல எழுத முடிஞ்சா எழுதுவேன். சாப்பாடும் நிறுத்த வேணாம், கஞ்சி, ரசம் சாதம், இட்லி, வாழப்பழம்னு கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம், இதக் குடிச்சா பேதி டக்குன்னு நிக்காது. "அண்ணே குடிச்சேன், இன்னும் போகுதே, வேலை செய்யல"ம்பாங்க. அதோட வேலை நிறுத்தறது இல்ல, ஆள நிக்க வைக்கிறது. மூத்திரம் வெளிறுன மஞ்சளா ஒழுங்கா போகுதா, நாக்கு ஈரமா இருக்கா, எந்திரிச்சா தலை சுத்தாம இருக்கா, இத வச்சுத்தான் வேலை செய்யுதான்னு பாக்கணும்.

பக்கத்து ஷெல்ஃப்ல இருக்குற மத்ததயும் சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் கை வைக்கிறாங்க.

100 பிளஸ். கோப்பிக்கடைல ஈசியா கிடைக்குது, நம்ம ஆளுங்களுக்கு காய்ச்சல்னாலும் 100 பிளஸ், பேதின்னாலும் 100 பிளஸ். வேர்வைக்கு ஓகே, லேசான பேதில வேற ஒண்ணும் கையில இல்லன்னா திடமான பெரியவங்க குடிக்கலாம், ஆனா இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எதுலயுமே சோடியம் ஓ.ஆர்.எஸ்ல இருக்குறதுல ஒரு சின்ன பங்குதான், சக்கரைதான் தூக்கல். குழந்தைக்கு வேணாம். ஊருல டெட்ரா பேக்ல ஓ.ஆர்.எஸ்னு பேர் போட்டு வித்த இனிப்பு டிரிங்க்ஸும் அதே கதைதான், 2025 அக்டோபர்ல இந்தியாவோட உணவுத் தர ஆணையம் அந்தப் பேரையே போடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, லீவுக்கு ஊருக்குப் போறவங்க பாத்து வாங்குங்க. பவுடர் பாக்கெட் கிடைக்கவே இல்லன்னா ஒரு லிட்டர் நல்ல தண்ணில தலை தட்டுன 6 டீஸ்பூன் சக்கரை, அர டீஸ்பூன் உப்பு, இது அவசரத்துக்கு.

லோபிராமைட், அதாவது அந்த நிக்கிற மாத்திர. இதுக்கு நான் 5க்கு 3 குடுப்பேன், ஆனா கண்டிஷனோட. குடலோட ஓட்டத்த மெதுவாக்கும், அவ்வளவுதான், கிருமிய ஒண்ணும் பண்ணாது. பஸ்ஸுல, பிளேன்ல போயே ஆகணும்ங்கிற பெரியவங்களுக்கு தண்ணியா மட்டும் போறப்ப உதவும். ரத்தம், சளி கலந்து போனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ தொடக்கூடாது, உள்ள இருக்குற விஷம் வெளிய போகாம தங்கிடும். சின்னப் பிள்ளைங்களுக்கு வீட்டுல நாமளா குடுக்கவே கூடாது.

சார்கோல், அதாவது கரி மாத்திர, நம்ம வீட்டுல எல்லாம் ஒரு அட்டையாவது இருக்கும். கிருமியால வர்ற பேதிக்கு அது கேக்குதுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்ல, மலம் கறுப்பாப் போகும், ரத்தம் போகுதான்னு பாக்கவும் முடியாது. கூட பிரஷர், சுகர் மாத்திர போடறவங்களுக்கு அந்த மாத்திரயையும் சேத்து உறிஞ்சிடும். ஸ்மெக்டாங்கிற களிமண் வகைப் பொடி பெரியவங்களுக்கு கொஞ்சம் முன்னாடியே நிக்க உதவலாம், 2 வயசுக்குக் கீழ வேணாம்னு 2019ல பிரான்ஸ் மருந்துத் துறையே சொல்லிடுச்சு. போன தடவ வாங்குன ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்குன்னு போடறது இருக்கே, அதுக்கு நான் பூஜ்யம்தான் குடுப்பேன். வைரஸுக்கு அது கேக்காது, போதாததுக்கு ஆன்டிபயாட்டிக்கே பேதிய வரவழைக்கும், நல்ல பாக்டீரியாவ கொன்னுட்டு சி டிஃபிசில்ங்கிற கிருமிக்கு இடம் குடுத்தா பெரிய சிக்கலாயிடும்.

சரி, எதனால வருதுன்னு தெரியாம இதெல்லாம் வாங்கி என்ன பிரயோஜனம். சைட்டுல பேதி பேதின்னு ஒரே நாள்ல நாலஞ்சு பேரு வந்தா நான் முதல்ல கேக்குறது என்ன சாப்பிட்ட, எத்தன மணிக்கு சாப்பிட்ட. விடுதில இருக்குற பசங்களுக்கு கேட்டரிங் சாப்பாடு விடியறதுக்கு முன்னாடியே பொட்டலம் கட்டி வந்துடும், லாரில ஏத்தி, சைட்டுல ஒரு ஓரமா கம்பில மாட்டி வச்சு, மதியம் 12 மணிக்கு மேல பிரிப்பாங்க. சமைச்சு எத்தன மணி நேரம் ஆச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இங்க சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்றது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சாப்பாடு கிடக்கக் கூடாது, கிடந்தா 4 மணி நேரம்தான் கெடு. நம்ம வெயில்ல பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டுன சோறு அந்த நடுவுலதான் கிடக்கும்.

சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட விதை கொதிச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுன்னு இருக்குறப்ப முளைச்சு விஷத்த கக்கும், அந்த வாந்தி விஷம் மறுபடி சூடு பண்ணாலும் போகாது. கறிக் குழம்பு பெரிய அண்டால வச்சா நடுப்பகுதி ஆற ரொம்ப நேரம் ஆகும், அங்க கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் வளரும். சமைக்கிறவர் கையில புண்ணு இருந்தா ஸ்டாஃப்னு (ஸ்டஃபிலோகாக்கஸ்) இன்னொரு பாக்டீரியா. நேரத்த வச்சே ஓரளவு தெரியும்: சாப்பிட்ட ஒரு மணியிலருந்து ஆறு மணிக்குள்ள வாந்தி தூக்கலா வந்தா ஸ்டாஃப் இல்லன்னா அந்த சோத்து விஷம், ராத்திரி சாப்பிட்டு காலைல வயிறு முறுக்கி பேதி ஆனா பெர்ஃப்ரின்ஜென்ஸா இருக்கலாம், கோழி சரியா வேகாம சாப்பிட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு காய்ச்சலோட வந்தா கேம்பைலோபாக்டர், சால்மோனெல்லா மாதிரி. எல்லாம் உத்தேசம்தான், மலத்த டெஸ்ட் பண்ணாதான் நிச்சயம். ஆனா மதியம் வந்த பேதிக்கு மதிய சாப்பாட்ட மட்டும் திட்டறத விட்டுட்டு முந்தின நாள், அதுக்கு முந்தின நாள் வரைக்கும் யோசிக்கணும்.

2009ல கேலாங் சிராய் தற்காலிக மார்க்கெட்ல ரோஜாக் சாப்பிட்டு 150 பேருக்கு மேல பாதிக்கப்பட்டு ரெண்டு பேரு இறந்து போனாங்க, இங்க ரொம்ப நாள் இருக்குறவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடல் சாமான்ல இருக்குற கிருமி. பச்சை மீனு, இறாலு பட்ட இடம் சமைச்ச சாமானோட ஒட்டிக்கிட்டா இப்படித்தான் ஆகும். அதனால வீட்டுல வெட்டுற பலகை ரெண்டு வச்சுக்கோங்க, பச்சைக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு.

வைரஸ் வேற மாதிரி. நோரோவைரஸ் குழந்தைங்க காப்பகம், விடுதி, கப்பல்னு ஆளுங்க நெருக்கமா இருக்குற இடத்துல தீ மாதிரி பரவும், 12லருந்து 48 மணி நேரத்துல அடுத்த ஆளு படுத்துடுவாங்க. இதுக்கு ஹேண்ட் சேனிட்டைசர் சரியா கேக்காது, சோப்புப் போட்டு கழுவணும். எங்க சைட்டுல டாய்லெட் பக்கம் சேனிட்டைசர் நெறைய தொங்கும், சோப்புதான் அடிக்கடி காலியா கிடக்கும், அத நிரப்பி வைக்கிறதுக்கு நான் தினமும் சண்டை போடறேன். குழந்தைங்களுக்கு ரோட்டாவைரஸுக்கு வாய்ல ஊத்துற தடுப்பு மருந்து இருக்கு, குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க.

சாப்பாடு, கிருமி எதுவுமே இல்லாமயும் போகும். மெட்ஃபார்மின், சுகருக்குப் போடறது, ஆரம்பிச்ச புதுசுல நிறைய பேருக்கு வயித்தால போகும், இங்க நம்ம ஆளுங்கள்ல சுகர் எவ்வளவு ஜாஸ்தின்னு தெரியும்ல, டாக்டர்கிட்ட சொன்னா மெதுவா கரையிற மாத்திரைக்கு மாத்திக் குடுப்பாங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்து, சக்கரை இல்லாத மிட்டாய் சூயிங்கம்ல வர்ற சார்பிட்டால், இதுவும் காரணம். பால் ஒத்துக்காம போறது இன்னொண்ணு, பேதி முடிஞ்ச கையோட சில பேருக்கு கொஞ்ச நாள் பால் செரிக்காது, பால் டீயான தே தாரிக்க அப்ப கொஞ்சம் தள்ளி வைங்க, மோரு, தயிரு பரவாயில்ல. வாரக்கணக்குல விட்டு விட்டு போகுதுன்னா தைராய்டு, குடல் அழற்சி, எரிச்சல் குடல்னு டாக்டர் பாக்க வேண்டியது நிறைய இருக்கு, அதுக்கு இந்த ரிவியூ பத்தாது.

யாருக்கு சீக்கிரம் முத்தும்னா கைக்குழந்தைங்க, வயசானவங்க, கர்ப்பிணிங்க, சுகர் உள்ளவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க. ஒமெப்ரசோல் மாதிரி வயித்து அமிலத்தக் குறைக்கிற மாத்திர நெடுநாளா போடறவங்களயும் சேத்துக்கோங்க, கிருமியக் கொல்ற அமிலமே குறைஞ்சிருக்குல்ல. வெயில்ல வேலை செய்யிற பசங்க ஏற்கனவே வேர்வைல தண்ணி விட்டவங்க, அவங்களுக்கு பேதியும் சேந்தா ரெண்டு மடங்கு. அதனால வயித்தால போற ஆள நான் மேல ஏற விடமாட்டேன், ஸ்கஃபோல்டிங்ல, அதான் சாரத்துல, தலை சுத்துனா என்ன ஆகும்னு யோசிங்க, சூப்பர்வைசர் முறைச்சாலும் பரவாயில்ல, டாக்டர்கிட்ட அனுப்பி எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்க வச்சிடுவேன். கிட்னி, இதயக் கோளாறு உள்ளவங்க மட்டும் ஓ.ஆர்.எஸ் குடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கணும், உள்ள பொட்டாசியமும் சோடியமும் இருக்கு. பிரஷருக்கு நீர் மாத்திர, சில சுகர் மாத்திர போடறவங்களும் பேதி நேரத்துல எத நிறுத்தி வைக்கணும்னு கேளுங்க, உடம்பு வத்துன நேரத்துல அது கிட்னிய பாதிக்கும்.

ரத்தம் போனாலோ, காய்ச்சல் கடுமையா இருந்தாலோ, குடிச்சது எதுவுமே தங்காம வாந்தியானாலோ, ஆறேழு மணி நேரமா மூத்திரமே வரலன்னாலோ, பெரியவங்களுக்கு ரெண்டு நாளாகியும் குறையலன்னாலோ பாக்கெட்ட நம்பி வீட்டுல இருக்காதீங்க, கிளினிக் போங்க. கைக்குழந்தைன்னா அவ்வளவு நேரம் கூட காக்க வேணாம். குழந்தை கண்ணு குழி விழுந்து, அழுதா கண்ணீர் வராம, துவண்டு கிடந்தா, இல்ல பெரியவங்களே மயங்கி விழுந்தா ஆம்புலன்ஸுக்கு 995.

இப்ப நான் 5ல குறைச்ச அந்த அர மார்க். இங்க விக்கிற பல பெட்டில எத்தன மில்லி தண்ணிங்கிறது எறும்பு சைஸ் எழுத்துல இருக்கு, அதுவும் இங்கிலீஷ்ல, சிலதுல சீனமும் சேத்து. இத அதிகமா தேவைப்படுற ஆளு வெயில்ல வேலை செய்யிற தமிழ்ப் பையனும் பங்களாதேஷ் பையனும். தமிழ்ல, பெங்காலில ஒரே ஒரு வரி, கூட ஒரு பாட்டில் படம், அதுல எந்தக் கோடு வரைக்கும் தண்ணின்னு ஒரு அம்புக்குறி, இவ்வளவு போட்டா போதும். அது வர்ற வரைக்கும் நான் மார்க்கர் பேனால ஒவ்வொரு பாக்கெட்டுலயும் மில்லிய தமிழ்லயும், ஒரு பங்களாதேஷ் தம்பி கையால பெங்காலிலயும் எழுத வச்சுத்தான் பாக்ஸ்ல வைக்கிறேன். விலை பாக்கெட் கணக்குல ஒரு கோப்பி காசு பக்கம்தான் வரும், காலாவதி தேதி பாத்து, பெரிய பெட்டியா வாங்கி விடுதி ரூமுல ஒண்ணு, ஊருக்குப் போற பைல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.